உயிரோடிருக்கும்போதே கண்டறிந்த வியாதி





"மருமகள் எனக்குச் சாப்பாடே போடுவதில்லை" என்று வயதான தாய் ஒருவர் பக்கத்து வீட்டாரிடம் சொல்லுகிறார். அரைமணி நேரத்துக்கு முன்புதான் மருமகள் அவரை உட்கார வைத்து, பரிமாறி, தட்டையும் கழுவி வைத்திருக்கிறாள். வீட்டில் சண்டை மூளுகிறது. அத்தை பொய் சொல்லுகிறார் என்று மருமகள் அழுகிறாள். உண்மையில் இருவருமே பொய் சொல்லவில்லை. சாப்பிட்டது அந்தத் தாயின் மூளையில் பதியவே இல்லை.

இப்படிப்பட்ட வீடுகள் உங்களில் அநேகருக்குத் தெரிந்திருக்கும். "இது குணமா, வியாதியா?" என்ற கேள்வி அந்த வீடுகளை அரித்துக்கொண்டிருக்கும். இந்தக் கேள்விக்கு விடைதேடிய ஓர் ஆராய்ச்சியைப் பற்றியும், அதில் பங்குகொண்ட ஒரு மருத்துவரின் ஆச்சரியமான வாழ்க்கையைப் பற்றியும் இம்முறை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நூறு ஆண்டுகள் காத்திருந்த கேள்வி

1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரிலுள்ள ஒரு மனநோய் மருத்துவமனையில் 51 வயதுப் பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டார். ஞாபகசக்தி குறைந்து, கணவர்மேல் காரணமில்லாமல் சந்தேகப்பட்டு, தன் பெயரை எழுதுவதற்கும் தடுமாறினார். அவரைக் கவனித்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர். 1906இல் அப்பெண்மணி மரித்தபின் அவருடைய மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நரம்பணுக்களுக்கு இடையில் அழுக்குத் திட்டுக்களையும், அணுக்களுக்கு உள்ளே முறுக்கிய நூல்போன்ற சிக்கல்களையும் கண்டார். அத்திட்டுக்கள் அமிலாய்ட் என்னும் புரதத்தால் ஆனவை என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

அதற்குப்பின் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக மருத்துவர்களுக்கு ஒரு பெரிய தடை இருந்தது. நோயாளி உயிரோடிருக்கும்போது "இது அல்சைமர் வியாதியாக இருக்கலாம்" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. நிச்சயமாகச் சொல்ல, அவர் மரித்தபின் மூளையைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. சாதாரண ஸ்கேன் மூளை சுருங்கியிருப்பதைக் காட்டும். அமிலாய்ட் திட்டுக்களைக் காட்டாது.

சாயத்திலிருந்து பிறந்த மருந்து

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்லியம் க்ளங்க் என்ற மனநல மருத்துவரும், செஸ்டர் மேதிஸ் என்ற வேதியியல் அறிஞரும் இந்தத் தடையை நீக்கப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். தயோஃப்ளேவின் என்னும் சாயம் ஆய்வுக்கூடத்தில் அமிலாய்டின்மேல் ஒட்டிக்கொள்ளும் என்பது முன்பே தெரிந்த விஷயம். ஆனால் அதை உடம்பில் செலுத்தினால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. ஆகவே அதன் அமைப்பைச் சற்று மாற்றி, மூளைக்குள் நுழையவும், திட்டுக்களில் ஒட்டவும், ஒட்டாத மீதி சீக்கிரமாய் வெளியேறவும் தக்கதாய்ச் செய்தார்கள்.

அதனுடன் கதிர்வீச்சுள்ள கார்பன்-11 அணுவைச் சேர்த்தார்கள். கையிலுள்ள இரத்தக்குழாயில் மிகச் சிறிய அளவு செலுத்தியபின், நோயாளி வளையம்போன்ற பெட் ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பார். திட்டுக்கள் உள்ள இடத்திலிருந்து வரும் கதிர்களைக் கருவி பிடித்துப் படமாக்கும். ஆனால் கார்பன்-11இன் வீரியம் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். எனவே மருந்தைத் தயாரிக்கும் இடமும் ஸ்கேன் எடுக்கும் இடமும் அருகருகே இருக்கவேண்டும். சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் அப்படிப்பட்ட மையம் ஒன்று இருந்தது. அங்கே பணிசெய்தவர்களில் ஒருவர்தான் டாக்டர் ஹென்றி எங்லர்.

சிறையிலிருந்து ஸ்கேன் அறைக்கு

எங்லர் தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டவர். மருத்துவ மாணவராயிருந்த நாட்களில், அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்த துப்பமாரோ இயக்கத்தில் சேர்ந்து அதன் தலைவர்களில் ஒருவரானார். 1972இல் பிடிபட்டார். 1973இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின், அவ்வியக்கத்தின் ஒன்பது தலைவர்களைப் பிணைக்கைதிகளாகப் பிரித்து, முகாம் முகாமாக மாற்றித் தனிமையில் அடைத்து வைத்தது. அவர்களில் எங்லரும் ஒருவர். பின்னாளில் அந்நாட்டின் ஜனாதிபதியான ஹோசே முஹிகா இன்னொருவர்.

மனித முகம் காணாத அந்த ஆண்டுகளில் எங்லருடைய மனம் கலங்கியது. இல்லாத குரல்களைக் கேட்டார். இதை அவர் மறைக்கவில்லை. அவரைப் பற்றி 2008இல் வெளிவந்த ஆவணப்படத்தில் அந்த நாட்களைத் திறந்த மனதோடு நினைவுகூருகிறார்.

1985இல் விடுதலையானபோது அவர் சிறையில் கழித்திருந்தது ஏறக்குறைய 13 ஆண்டுகள். சுவீடனுக்குச் சென்று, பாதியில் விட்ட மருத்துவப் படிப்பை முடித்து, மூளையைப் படமெடுக்கும் துறையில் தேர்ந்தார். தன் மனமே தன்னைவிட்டு நழுவுவதை அனுபவித்தவர், அப்படி நழுவும் மற்றவர்களின் மூளையை ஆராயும் வேலைக்கு வந்து சேர்ந்தார்!

2002ஆம் ஆண்டு பிப்ரவரியில் உப்சாலாவில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பிட்ஸ்பர்க் மருந்து செலுத்தப்பட்டது. திட்டுக்கள் இருக்குமென்று எதிர்பார்த்த இடங்கள் படத்தில் ஒளிர்ந்தன. 16 நோயாளிகளையும் 9 ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2004இல் வெளியானது. நோயாளிகளின் மூளையின் முன்பகுதியில் மருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு தங்கியிருந்தது. முதலில் ஸ்கேன் செய்துகொண்ட நோயாளி சில ஆண்டுகளுக்குப்பின் மரித்தார். அவருடைய மூளையைப் பரிசோதித்தபோது, ஸ்கேன் மருந்து மிகுதியாய்த் தங்கிய இடங்களில் திட்டுக்களும் மிகுதியாய் இருந்தன. இந்த முடிவு 2011இல் வெளியிடப்பட்டது.

எங்லர் பின்பு தாய்நாடு திரும்பி, மொன்டெவீடியோ நகரில் இப்படிப்பட்ட ஸ்கேன் மையம் ஒன்றுக்குத் தலைமை ஏற்றார். தன்னைச் சிறைவைத்த நாட்டின் முதியோருக்கே அந்தக் கல்வி பயன்படும்படி செய்தார்.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

இந்த ஸ்கேன் சொல்லாதவையும் உண்டு. நினைவு தெளிவாயிருக்கும் வயதானவர்கள் பலருக்கும் மூளையில் இந்தத் திட்டுக்கள் இருக்கின்றன. மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே அவை சேர ஆரம்பிக்கலாம். ஆகவே படம் ஒளிர்ந்தால் அந்த மனிதருக்கு மறதிநோய் வந்துவிட்டது என்று முடிவுகட்டக்கூடாது.

ஆனாலும் இதனால் உண்டான பயன் பெரியது. திட்டுக்களை நீக்கும் லெகானமாப் என்ற மருந்துக்கு 2023இலும், டோனானமாப் என்ற மருந்துக்கு 2024இலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்து கொடுக்குமுன் திட்டுக்கள் இருப்பதை உறுதிசெய்யவும், அவை குறைகின்றனவா என்று பார்க்கவும் ஸ்கேன் உதவுகிறது. இம்மருந்துகள் வியாதியைக் குணமாக்குவதில்லை; ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு அதன் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன. மூளையில் வீக்கமும் இரத்தக்கசிவும் உண்டாகும் அபாயமும் உண்டு. 2025 மே மாதத்தில் அமிலாய்டைக் கண்டறிய உதவும் இரத்தப் பரிசோதனை ஒன்றுக்கும் அங்கே அனுமதி கிடைத்தது.

நம் வீடுகளில்

இவ்வளவு விலையுயர்ந்த ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. முதலில் தேவைப்படுவது சாதாரணப் பரிசோதனையே. தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்கமருந்தின் மிகுதி ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். கீழே விழுந்த முதியவரின் மண்டையோட்டுக்குள் மெதுவாய்த் தேங்கும் இரத்தமும் அப்படியே செய்யும். அதைச் சாதாரண சி.டி. ஸ்கேன் காட்டிவிடும். இவற்றைச் சரிசெய்தால் தெளிவு திரும்பக்கூடும். ஆகவே "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று விட்டுவிடாமல், ஒருமுறையாவது மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படி உங்களை அன்பாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.

பரிசோதனையில் அல்சைமர் என்றே தெரிந்தாலும், அந்த நாள் முதல் வீட்டில் ஒன்று மாறமுடியும். அந்தத் தாய் பொய் சொல்லவில்லை என்று மருமகளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டாருக்கும் விஷயத்தை எடுத்துச் சொல்லலாம். "இப்போதுதானே சாப்பிட்டீர்கள்" என்று வாதாடுவதற்குப் பதிலாக, ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்து, பக்கத்தில் சற்று நேரம் உட்காரலாம். தன் பெயரைக்கூட மறந்தவரும் தம் கையைப் பிடித்திருக்கும் கையின் அன்பை உணரமுடியும். அதற்கு எந்த ஸ்கேனும் வேண்டியதில்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால், இந்த மடலை அந்தக் குடும்பத்தாருக்கும் படிக்கக் கொடுங்கள்.

இப்படிக்கு,

மருத்துவமனைக் குடும்பத்தார்