மிஞ்சிய கேரமலில் சாக்லேட் டிரஃபிள்

உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பாருங்கள். போன வாரம் ஐஸ்கிரீமுக்கு ஊற்றிக்கொள்ள அம்மாவோ அப்பாவோ செய்த கேரமல், ஒரு போத்தலின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா? கரண்டியால் குத்தினால் அசையாமல் கெட்டியாக இருக்கிறதா? "இது இனிமே எதுக்கு ஆகும்?" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் மோந்து பாருங்கள். புளித்த வாசனையோ பூஞ்சையோ இல்லை என்றால், அதை வைத்து 20 சாக்லேட் டிரஃபிள் செய்யலாம்.

கேரமல் என்றால் என்ன? அதிரசம் செய்யும்போது பாட்டி பாகு காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பாகு கொதிக்கக் கொதிக்க அதில் உள்ள தண்ணீர் ஆவியாகப் போகும். பாட்டி ஒரு துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார். அது உருண்டு வந்தால், "பதம் வந்துடுச்சு" என்று அடுப்பை அணைத்துவிடுவார். சர்க்கரைப் பாகை அந்த இடத்தில் நிறுத்தாமல் மேலும் காய்ச்சினால் என்ன ஆகும்? தண்ணீர் எல்லாம் போய்விடும். சூடு 160 டிகிரியைத் தாண்டும்போது சர்க்கரை பொன்னிறமாக மாறும். புது வாசனை வரும், லேசான கசப்பும் சேரும். அதில் கிரீமும் வெண்ணெயும் கலந்தால் கேரமல் குழம்பு தயார்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. கேரமல் அதைவிட எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்! தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். அதனால் கேரமல் காய்ச்சுவது பெரியவர்களின் வேலை. ஆனால் நம்மிடம் இருப்பது ஏற்கெனவே காய்ச்சிய கேரமல். டிரஃபிளுக்கு வேண்டிய இனிப்பும் வெண்ணெயும் கிரீமும் அந்தப் போத்தலிலேயே இருக்கின்றன. பாதி வேலை முடிந்துவிட்டது!

இனி 200 கிராம் கறுப்புச் சாக்லேட் எடுங்கள். கேரமலே இனிப்பு, அதனால் பால் சாக்லேட் போட்டால் திகட்டிவிடும். சாக்லேட்டைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஈரமே இல்லாத ஒரு கிண்ணத்தில் போடுங்கள். 100 கிராம் கேரமலையும் 60 மில்லிலிட்டர் கிரீமையும் ஒரு சிட்டிகை உப்போடு சின்னத் தீயில் சூடாக்க வேண்டும். இதற்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஓரத்தில் குமிழி வந்ததும் சாக்லேட் மேல் ஊற்றி, 2 நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகக் கிளறுங்கள்.

கிண்ணத்தில் ஏன் ஈரம் இருக்கக் கூடாது? உருகிய சாக்லேட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தால், அது இன்னும் இளகும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! சாக்லேட்டில் உள்ள சர்க்கரைத் துகள்கள் அந்த ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மணல் போலக் கட்டியாகிவிடும்.

சில சமயம் கிளறும்போது எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே மிதக்கும். "ஐயோ, கெட்டுப்போச்சே!" என்று பயப்படாதீங்க. வெதுவெதுப்பான பால் ஒரு தேக்கரண்டி விட்டு, பொறுமையாகக் கிளறுங்கள். பிரிந்தது மறுபடி சேர்ந்து பளபளப்பாகிவிடும். சேரவில்லை என்றால் இன்னொரு கரண்டி பால் விடுங்கள்.

கலவை ஆறியதும் மூடி, 2 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அதுவரை பொறுக்கணும். அதுதான் கஷ்டம்!

பிறகு ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து, லட்டு பிடிப்பது போல உள்ளங்கையில் உருட்டுங்கள். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு ஏறக்குறைய 34 டிகிரியில் உருகிவிடும். நம் உடம்பின் சூடு 37 டிகிரி. அதனால்தான் சாக்லேட் வாயில் போட்டதும் கரைகிறது. கையில் அதிக நேரம் வைத்தாலும் இளகி ஒட்டும். ஆகவே கையைக் குளிர்ந்த நீரில் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சட்டென்று உருட்டிக் கொக்கோப் பொடியில் புரட்டுங்கள்.

உருண்டை கோணல்மாணலாக வருகிறதா? வரட்டும். டிரஃபிள் என்பது மண்ணுக்கு அடியில், மர வேர்களின் பக்கத்தில் வளரும் ஒரு வகைக் காளானின் பெயர். பிரான்சிலும் இத்தாலியிலும் பழக்கிய நாய்கள் அதை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கும். விலையோ மிக அதிகம். மண் ஒட்டிய அந்தக் காளானைப் போல இருப்பதால்தான் இந்த இனிப்புக்கும் அதே பெயர். அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவாக இருந்தால், எனக்கென்னவோ அது டிரஃபிள் மாதிரியே தெரியாது.

கொக்கோவுக்குப் பதில் தேங்காய்த் துருவலில் புரட்டலாம். வறுத்த எள்ளும் கேரமலுக்கு நன்றாகச் சேரும். மூடிய டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கு எடுத்துப் போவதானால் முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள். சில நண்பர்களுக்குப் பாலோ எள்ளோ நிலக்கடலையோ ஒத்துக்கொள்ளாது. டப்பாவின் மேல், உள்ளே என்னென்ன சேர்த்தீர்கள் என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.