காருக்கு அடியில் மர்மத் துளி!

மதுரையில் காளவாசலைத் தெரியாதவர் யார்? பைபாஸ் ரோடும் தேனி ரோடும் சந்திக்கும் இடம் அது. காளவாசல் என்றால் செங்கல் சுடும் சூளை. பெயருக்கு ஏற்றபடி, கோடையில் அங்கே தரையும் சுடும்!

குமுளிக்கும் போடிமெட்டுக்கும் மலை ஏறும் கார்கள் பல இந்த வழியாகத்தான் செல்கின்றன. அப்படி ஒரு பயணத்துக்குக் குடும்பமே தயாராக இருக்கிறது. அப்போது காருக்கு அடியில் ஈரம் தெரிகிறது. அது என்ன? பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்படலாமா, கூடாதா?

இதைத் துப்புத் துலக்குவது கடினம் அல்ல. ஒரு வெள்ளை அட்டை போதும்!

அட்டை சொல்லும் சாட்சி

இரவில் காரைச் சமதரையில் நிறுத்துங்கள். அடியில் வெள்ளை அட்டையை விரியுங்கள். முன் சக்கரம் எந்தப் பக்கம், பின் சக்கரம் எந்தப் பக்கம் என்று அதில் குறித்து வையுங்கள். காலையில் நிறம், வாடை, இடம் மூன்றையும் கவனியுங்கள். எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது!

நிறமும் வாடையும் இல்லாத வெறும் தண்ணீரா? பயம் வேண்டாம். குளிர்ந்த நீர் உள்ள சொம்பின் வெளிப்புறம் வியர்க்கிறது அல்லவா? ஏ.சி. ஓடும்போதும் அப்படியே நீர் கோத்துக்கொள்ளும். அது ஒரு சிறு குழாய் வழியாகக் கீழே சொட்டும். இது கோளாறு அல்ல.

கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தில் வழவழப்பாக இருந்தால், அது எஞ்சின் ஆயில். அளவு பார்க்கும் கம்பியை எடுத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கி இருந்தால் எஞ்சினை ஓட்டக் கூடாது.

பெட்ரோல் வாடை அடித்தால் தீக்குச்சி கிழிக்காதீர்கள். காரை ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம்.

இனிக்கும் விஷம்

பச்சை, சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில், லேசான இனிப்பு வாடையுடன் இருந்தால், அது ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட். இதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் இருக்கிறது. இது இனிக்கும், ஆனால் விஷம்! சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும். தரையில் விளையாடும் குழந்தையோ, வீட்டு நாயோ நக்கிவிடக் கூடாது. உடனே தரையைக் கழுவிவிட வேண்டும்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ஆவி நிறைந்த பிரஷர் குக்கரைத் திறப்பதற்குச் சமம் அது.

பிரேக் ஆயிலா? நில்லுங்கள்!

எல்லாவற்றிலும் ஆபத்தானது பிரேக் ஆயில்தான். புதிதாக இருக்கும்போது இளமஞ்சளாக இருக்கும், பழகினால் பழுப்பாகும். காரின் பெயிண்டையே அரித்துவிடும். சக்கரத்தின் உட்புறத்திலோ, பிரேக் பெடலுக்குப் பக்கத்திலோ ஈரம் தெரியும்.

அடைபட்ட திரவத்தை ஓர் இடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் பரவும். 17-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் எடுத்துச் சொன்ன உண்மை இது. பெடலை மிதிக்கும் வேகம் இப்படித்தான் சக்கரங்களுக்குப் போகிறது. ஆயில் ஒழுகிப் போனால் பெடல் அமுங்கும், பிரேக் பிடிக்காது! மலைப்பாதையில் இறங்கும்போது இப்படி நேர்ந்தால் என்ன ஆகும்? ஆகவே காரைப் பட்டறைக்குக்கூட ஓட்டிச் செல்லக் கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைக்க வேண்டும்.

சொட்டும் இடம் வேறு, ஓட்டை வேறு

துளி விழும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று எண்ணிவிடக் கூடாது. ஆயில் மேலிருந்து வழிந்து வரும். ஓடும் காரில் காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் நல்ல மெக்கானிக், முதலில் எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிடுவார். முதலில் நனையும் உயரமான இடம் எது என்று பார்ப்பார். அப்படியும் தெரியாவிட்டால், ஆயிலில் ஒரு சாயத்தைக் கலந்து ஓட்டிவிட்டு, புற ஊதா விளக்கைக் காட்டுவார். கசியும் இடம் பளிச்சென்று ஒளிரும்! குற்றவாளி பல சமயம் ஒரு வாஷர் அல்லது ரப்பர் சீல்தான்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. அந்த வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

ஆகாயத்திலும் கசிவு

2010 நவம்பர் 4-ந் தேதி, சிங்கப்பூரில் இருந்து சிட்னிக்கு 469 பேருடன் ஒரு குவான்டாஸ் விமானம் கிளம்பியது. சில நிமிடங்களில் ஓர் எஞ்சின் வெடித்தது! விமானி சாமர்த்தியமாகத் திரும்பி வந்து இறக்கினார். அனைவரும் உயிர் பிழைத்தனர். ஆஸ்திரேலிய நிபுணர்கள் ஆராய்ந்தபோது, உள்ளே இருந்த ஒரு சிறு ஆயில் குழாய்தான் காரணம் என்று தெரிந்தது. செய்யும்போதே அதன் ஒரு பக்கம் மெலிந்துவிட்டது. அங்கே வெடிப்பு விட்டு, ஆயில் கசிந்து தீப்பிடித்தது.

விமானத்தைச் சோதிக்க நிபுணர்கள் இருக்கிறார்கள். வீட்டுக் காருக்கு வீட்டார்தான் காவல். வெளியூர்ப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே அட்டையை விரித்துப் பாருங்கள். தண்ணீர் என்றால் தாராளமாகப் புறப்படலாம். மற்ற எது சொட்டினாலும் முதலில் மெக்கானிக், பிறகுதான் பயணம்!