ஏக்கருக்குப் பத்து லிட்டர்

ட்ரோனில் மருந்து அடிக்கலாமா என்று யோசிக்கும் நெல் விவசாயி முதலில் கேட்பது வாடகை. வாடகை, கணக்கின் கடைசி வரி. அதற்கு முன் எழுத வேண்டிய வரிகள் நான்கு. ஒரு ஏக்கர், அதாவது 4,047 சதுர மீட்டரை வைத்தே எழுதுவோம்.

தண்ணீர்
கைத்தெளிப்பான்: 200 லிட்டர்.
ட்ரோன்: 10 லிட்டர்.
மிச்சம்: 190 லிட்டர்.
16 லிட்டர் டேங்க் என்றால் 13 தடவை நிரப்ப வேண்டும். 10 லிட்டர் ட்ரோனுக்கு ஒரு தடவை போதும்.

நடை
கையால் அடிப்பவர் ஒரு நடைக்கு 1 மீட்டர் அகலம் நனைக்கிறார் என்றால், ஏக்கருக்கு 4 கிலோமீட்டர் சேற்றில் நடக்கிறார். முதுகில் 16 கிலோ தண்ணீர். காற்று திரும்பினால் மருந்து முகத்தில். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தார்கள். ட்ரோன் 4 மீட்டர் அகலத்தில் 1 கிலோமீட்டர் பறந்தால் அதே ஏக்கர் முடிந்துவிடும். இந்த வரி ஒன்றுக்காகவே ட்ரோனை வரவேற்கலாம்.

அடர்த்தி
ஏக்கருக்கு 100 மில்லி மருந்து என்றால், 200 லிட்டரில் அது லிட்டருக்கு அரை மில்லி; 10 லிட்டரில் லிட்டருக்கு 10 மில்லி. 20 மடங்கு. அதனால் கலக்குகிறவருக்குக் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். காற்று வீசும்போது பறக்கவிட்டால், பக்கத்து வயலுக்கும் குளத்துக்கும் போவது இந்த 20 மடங்கு மருந்துதான்.

சீர்
ட்ரோனில் ஒரு சதுர மீட்டருக்கு விழுவது இரண்டரை மில்லி. கையால் அடிக்கும்போது கிட்டத்தட்ட 50 மில்லி. 50 மில்லியில் சிறு பிசகு மறைந்துபோகும், இரண்டரையில் மறையாது. ட்ரோன் நனைக்கும் அகலம் 4 மீட்டர் என்று கொள்வோம்.
தடங்களுக்கு இடைவெளி 3.5 மீட்டர்: ஏக்கரில் 14 சென்டுக்கு இரட்டை மருந்து.
இடைவெளி 4.5 மீட்டர்: 11 சென்டுக்கு மருந்தே இல்லை.
உயரமும் முக்கியம். பயிருக்கு மேல் 1.5 முதல் 2.5 மீட்டரில் பறந்தால், இறக்கைக் காற்று தோகையை விலக்கித் துளியைக் கீழே தள்ளும். புகையான் பூச்சி இருப்பது தூரின் அடியில். உயரப் பறந்தால் துளி அங்கே எட்டாது.

பணம்
2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த நமோ ட்ரோன் தீதி திட்டத்தின் ஒதுக்கீடு 1,261 கோடி ரூபாய். அப்போதைய இலக்கு 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்கள். மானியம் 80 விழுக்காடு, உச்சவரம்பு 8 லட்சம். 10 லட்ச ரூபாய் ட்ரோனுக்குக் குழுவின் பங்கு 2 லட்சம். வாடகை ஏக்கருக்கு 500 ரூபாய், பேட்டரித் தேய்மானம், ஆள் கூலி, வண்டிச் செலவு போக நிற்பது 150 என்று வைத்துக்கொண்டால், அந்த 2 லட்சத்தை மீட்க 1,333 ஏக்கர் அடிக்க வேண்டும். நாளுக்கு 20 ஏக்கர் என்றால் 67 நாள். மானியம் இல்லாமல் வாங்கியவருக்கு 6,667 ஏக்கர், 333 நாள். பூச்சி அத்தனை நாள் காத்திருக்காது, பருவம் குறுகியது. அவசரம் இங்கேதான் பிறக்கிறது.

அவசரப்பட்டுத் தட இடைவெளியை 4 மீட்டரிலிருந்து 4.5 ஆக்கினால், அதே பறத்தலில் 20 ஏக்கர் இருபத்திரண்டரை ஏக்கராகிறது. கூடுதல் வாடகை 1,250 ரூபாய். ஏக்கருக்கு 11 சென்ட் வீதம் அன்று மருந்து விழாத இடத்தைக் கூட்டினால் அதுவும் இரண்டரை ஏக்கர்தான். அடிக்காத இடத்துக்கு விவசாயி கூலி கொடுத்திருக்கிறார். பூச்சி அங்கிருந்து மறுபடி பரவும்.

இதைப் பிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஈரம் பட்டால் நீலமாகும் மஞ்சள் தாளைத் தடத்துக்குக் குறுக்கே, தோகை மட்டத்திலும் தூரடியிலும் ஐந்தாறு இடங்களில் செருகி வைக்கலாம். ட்ரோன் இறங்கியதும் தாள்களை வரப்பில் வரிசையாகப் பரப்பி, பைலட்டும் விவசாயியும் சேர்ந்து பார்க்கட்டும். ஒரே மட்டத்தில் வைத்த எல்லாத் தாளிலும் நீலப் புள்ளி ஒரே அளவில் இருந்தால், 500 ரூபாயை மனநிறைவோடு கொடுக்கலாம்.