குழந்தையின் கணக்கே வேறு!

ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சம அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஐந்து வயதுக் குழந்தையை அழைத்து, "எதில் தண்ணீர் அதிகம்?" என்று கேளுங்கள்.

"இரண்டிலும் ஒன்றுதான்" என்று குழந்தை சொல்லும்.

அதன் கண் எதிரே, ஒரு டம்ளர் தண்ணீரை உயரமான, ஒல்லியான டம்ளரில் மாற்றி ஊற்றுங்கள். மறுபடியும் கேளுங்கள்.

"இதில்தான் அதிகம்!" என்று பெரும்பாலான குழந்தைகள் உயரமான டம்ளரைக் காட்டும்.

ஒரு சொட்டுகூட சேரவில்லை. குழந்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு ஏன் அப்படிச் சொல்கிறது?

"மக்கு!" என்று தலையில் குட்டுகிறவர்கள் உண்டு. குட்டவேண்டாம். இப்படிப்பட்ட தப்பு விடைகளை வைத்துத்தான் ஒரு மேதை சுமார் 60 ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தார்.

பாரிஸில் பிறந்த சந்தேகம்

அவர் பெயர் ஜீன் பியாஜே. 1896-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். சிறு வயதில் அவருக்கு நத்தை, சிப்பிகள் மீதுதான் ஆசை. அவற்றைப் பற்றி ஆராய்ந்தே டாக்டர் பட்டம் பெற்றார்.

பிறகு பாரிஸ் நகருக்குப் போனார். பள்ளிப் பிள்ளைகளின் அறிவை அளக்கும் பரீட்சைகளைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. எத்தனை விடை சரி, எத்தனை தப்பு என்று எண்ணினால் போதும்.

பியாஜேக்கு அது போதவில்லை. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தப்புச் செய்வதைக் கண்டார். "ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று அவர்களிடமே கேட்டார். பிள்ளைகளுக்கு அறிவு குறைவு இல்லை, அவர்கள் யோசிக்கும் வழியே வேறு என்பது புரிந்தது.

மறைந்தால் இல்லை!

1925, 1927, 1931-ம் ஆண்டுகளில் அவருக்கு மூன்று குழந்தைகள் பிறந்தன. பியாஜேயும் மனைவியும் அவர்களை நாள்தோறும் கவனித்துக் குறிப்பு எழுதினார்கள்.

ஆறு மாதக் குழந்தை ஆசையோடு பார்க்கும் பொம்மையைத் துணியால் மூடினால், குழந்தை அதைத் தேடாது. எட்டு, ஒன்பது மாதம் ஆனதும் துணியை விலக்கி எடுக்கும். கண்ணில் படாத பொருளும் இருக்கும் என்று அது அறிந்துகொண்டது!

நான்கைந்து வயதில் சூரியன் தன் கூடவே நடந்து வருவதாகக் குழந்தை நம்பும். உயரத்தைப் பார்த்தால் அகலத்தை மறந்துவிடும். தண்ணீர் விஷயத்தில் நடப்பது அதுதான். சுமார் ஏழு வயதில், "திருப்பி ஊற்றினால் பழையபடி ஆகிவிடுமே" என்று தானே சொல்லும்.

கேட்பவர் தப்பு

பியாஜே சொன்னதெல்லாம் முடிந்த முடிவு அல்ல. 1974-ல் ஸ்காட்லாந்தில் வேறொரு சோதனை நடந்தது. சம எண்ணிக்கையில் காய்களை இரண்டு வரிசையாக அடுக்கினார்கள். ஒரு வரிசையைப் பெரியவர் கலைத்துவிட்டுக் கேட்டபோது பல குழந்தைகள் தப்பாகச் சொன்னார்கள். குறும்புக்காரக் கரடிப் பொம்மை கலைத்ததுபோல் காட்டியபோது மிகப் பலர் சரியாகச் சொன்னார்கள்!

பெரியவர் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால், முதல் விடை தப்போ என்று குழந்தை மாற்றிச் சொல்லலாம் அல்லவா?

சாக்லெட் எங்கே?

1983-ல் ஆஸ்திரியாவில் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி என்ற பையன் ஓர் அலமாரியில் சாக்லெட் வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றுகிறாள். திரும்பி வரும் மாக்ஸி எங்கே தேடுவான்?

மூன்று வயதுக் குழந்தைகள் புது இடத்தையே காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது மாக்ஸிக்குத் தெரியாது என்பது அந்த வயதில் விளங்குவதில்லை. நான்கு, ஐந்து வயதில்தான் அது மெல்ல விளங்குகிறது.

சின்னக் குழந்தை நடந்ததை நடுவிலிருந்து சொல்லும். "ஒழுங்காகச் சொல்" என்று அப்பா அதட்டுவார். அப்பாவுக்கு முன்கதை தெரியாது என்பதே குழந்தைக்குத் தெரியாது!

"தாத்தா தூங்குகிறார்"

சாவைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஹங்கேரி நாட்டுக் குழந்தைகளிடம் மரியா நாகி என்ற பெண்மணி கேட்டறிந்து, 1948-ல் வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பலர் அதைத் தூக்கம் என்றும், வெளியூர்ப் பயணம் என்றும் நினைத்தார்கள். போனவர் திரும்பி வருவார் என்றே நம்பினார்கள்.

அதனால் "தாத்தா தூங்குகிறார்" என்று சொல்வது நல்லதல்ல. குழந்தை தினமும் எதிர்பார்த்து ஏமாறும். தானும் தூங்கினால் எழுந்திருக்கமாட்டோமோ என்று பயந்து இரவில் விழித்திருக்கவும் கூடும். "தாத்தா இறந்துவிட்டார். இனி வரமாட்டார். நாங்கள் உன்னோடு இருக்கிறோம்" என்று அணைத்தபடி சொல்லுங்கள். பத்து முறை கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

பியாஜே 1980-ல் ஜெனீவாவில் காலமானார். பாரிஸில் அவர் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வியைக் கேட்க எந்தப் படிப்பும் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் கேட்கலாம்.

"ஏன் கண்ணே, அப்படி நினைக்கிறாய்?"

கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.