தொலைதூர லென்ஸ் வாங்கப் போகிறீர்களா?

கழகத்தின் நாடக விழாவைப் படம் பிடிக்கும் பொறுப்பு முதன்முறையாக என்னிடம் வந்தபோது, துணைப்பாட வகுப்பு நடத்திச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு 75-300 லென்ஸ் வாங்கினேன். கடைசி வரிசையில் நின்றாலும் நடிகர்களின் கண்ணீர்கூடத் தெரியும் என்று கடைக்காரர் சொன்னார். அது உண்மைதான். ஆனால் அன்று எடுத்த 400 படங்களில் தேறியவை 11. மற்றவற்றில் முகங்கள் மழையில் நனைந்த கோலம்போல் கலைந்திருந்தன. அந்த ஆண்டோடு படிப்பை முடித்த மூத்த மாணவர்கள் பலருக்கு அதுவே கடைசி மேடை. "தம்பி, படம் எங்கே?" என்று அவர்கள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

பிழை எங்கே என்று பிறகுதான் புரிந்தது. நாம் லென்ஸ் வாங்கும்போது 300 என்ற எண்ணை மட்டும் பார்க்கிறோம். அது குவியத் தூரம். எவ்வளவு நெருக்கமாகக் காட்டும் என்பதைச் சொல்வது. மாணவர்கள் வாங்கும் கேமராக்களில் பலவற்றில் சிறிய உணரியே இருப்பதால், கேனனில் 1.6 மடங்கும் நிக்கானில் 1.5 மடங்கும் கூடுதல் நெருக்கம் சும்மாவே கிடைக்கிறது. 250 மி.மீ. லென்ஸ் கேனனில் 400 மி.மீ. போலக் காட்டும். ஆகவே நெருக்கத்துக்காக அதிகம் கவலைப்பட வேண்டாம்.

பார்க்க வேண்டியது அடுத்திருக்கும் எஃப் எண். குவியத் தூரத்தை இந்த எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாயிலின் அகலம் கிடைக்கும். 300 மி.மீ. லென்சில் எஃப் 5.6 என்றால் ஏறத்தாழ 54 மி.மீ.; எஃப் 2.8 என்றால் 107 மி.மீ. அவ்வளவு பெரிய கண்ணாடியைப் பிழையின்றிக் கடைந்தெடுக்க வேண்டும் என்பதால்தான் அதன் விலை நம் ஒரு பருவக் கட்டணத்தை நினைவூட்டுகிறது. மலிவான லென்சுகள் நீட்ட நீட்ட எஃப் 5.6க்கு இறங்கிவிடும். எஃப் 2.8 தரும் ஒளியில் அது கால் பங்குதான். மங்கலான மண்டபத்தில் அந்தக் கால் பங்கை ஈடுகட்ட, கேமரா திரையை நெடுநேரம் திறந்து வைக்கிறது. அதற்குள் நடிகர் திரும்பிவிடுகிறார்.

"நடுக்கத் தடுப்பு இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். என்னுடைய 75-300இல் அதுவும் இல்லை. இருந்திருந்தாலும் அன்று பாதிதான் உதவியிருக்கும். 250 மி.மீ. லென்சைச் சிறிய உணரிக் கேமராவில் கையில் பிடித்து எடுக்க 1/400 நொடி வேண்டும் என்பது பழைய கணக்கு. நடுக்கத் தடுப்பு மூன்று படிநிலை உதவினால் 1/50 நொடி போதும். ஆனால் அது அடக்குவது நம் கை நடுக்கத்தை. பரதம் ஆடுபவரின் காலை அல்ல. ஆட்டத்தை உறைய வைக்க 1/250 நொடியாவது வேண்டும்.

ஆகவே முதலில் எதை எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குக் காலையில் போய்க் கொக்கையும் மீன்கொத்தியையும் எடுக்க ஆசையா? வெளிச்சம் தாராளம். கேனன்காரர்களுக்கு நடுக்கத் தடுப்புள்ள 55-250 போதும். 2013இல் வந்த எஸ்டிஎம் வகை 375 கிராம்தான், நாள் முழுவதும் கழுத்தில் தொங்கினாலும் வலிக்காது. மேடைதான் உங்கள் களம் என்றால் ஜூமை மறந்துவிட்டு 85 மி.மீ. எஃப் 1.8 லென்சைத் தேடுங்கள். எஃப் 5.6ஐவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளி. நெருக்கம் போதாது என்றால் மூன்றாம் வரிசைக்கு நடந்து போங்கள். அதற்குக் காசு கேட்பதில்லை. 24 மெகாபிக்சல் படத்தின் நீள அகலங்களைப் பாதியாக வெட்டினாலும் 6 மெகாபிக்சல் மிஞ்சும். இந்த ஆண்டிதழின் முழுப் பக்கத்துக்கு அது போதும். இரண்டு மடங்கு பெருக்கி என்று விற்பார்கள். அது இரண்டு படிநிலை ஒளியை விழுங்கிவிடும், வேண்டாம்.

கண்ணாடியில்லாக் கேமராக்களுக்குப் பலர் மாறிவிட்டதால் பழைய எஸ்எல்ஆர் லென்சுகள் இப்போது இரண்டாம் கையில் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்குமுன் உங்கள் கேமராவோடு பொருந்துமா என்று பாருங்கள். நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் குவிய மோட்டார் இல்லை. பழைய ஏஎஃப்-டி வகை 85ஐ மாட்டினால் கையால்தான் குவிக்க வேண்டும். ஏஎஃப்-எஸ் வகை என்றால் கவலையில்லை. கேனனின் ஆர் வகைக் கேமராக்களில் பழைய இஎஃப் லென்சுகள் இணைப்பு வளையத்தோடு தானாகவே குவிக்கும்.

கடைசியாக, கைவிளக்கு இல்லாமல் லென்ஸ் வாங்கப் போகாதீர்கள். பின்பக்கத்திலிருந்து ஒளியைச் செலுத்தி முன்பக்கம் பாருங்கள். சிலந்தி நூல்போல் வெள்ளை இழைகள் தெரிந்தால் பூஞ்சணம். விலை எவ்வளவு குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது வளரத்தான் செய்யும். உலர் பெட்டி வாங்க வசதியில்லாத நான், காற்றுப் புகாத உணவுப் பெட்டி ஒன்றில் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பைகளோடு என் 85ஐ வைத்திருக்கிறேன். அம்மா அதை முறுக்கு டப்பா என்று நினைத்து இருமுறை திறந்துவிட்டார்.