ஆறு பேருக்கு ஒரு சீனியர்

இன்டர்னல் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள், அரியர் விழுந்தால் மறுபடி எப்போது எழுதலாம், ஸ்காலர்ஷிப் படிவத்தில் யார் யார் கையெழுத்து வேண்டும், எந்த மெஸ்ஸில் என்ன கிழமை வாய்க்கு ருசியாகக் கிடைக்கும் – இதெல்லாம் கல்லூரிக் கையேட்டில் இருக்காது. சீனியர்களுக்குத்தான் தெரியும். ‘இன்ட்ரோ’ என்ற பெயரில் ராகிங் செய்ய நள்ளிரவில் விடுதி அறைக் கதவைத் தட்டுபவர்களும் சீனியர்கள்தான் என்பதில்தான் சிக்கல்.

1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் சீனியர் ஒருவரால் கொலையுண்டார். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் சீனியர்களிடம் அடிபட்டு இறந்தார். அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) நாடு முழுமைக்குமான ராகிங் தடை விதிகளை வெளியிட்டது.

அந்த விதிகளில் தண்டனைகளைப் பற்றித்தான் பேச்செல்லாம். அதில் இருக்கும் இன்னொரு ஏற்பாடு அதிகம் பேருக்குத் தெரியாது. ஒவ்வொரு கல்லூரியிலும் வழிகாட்டிக் குழு இருக்க வேண்டும். தாமாக முன்வரும் சீனியர்களை ஆறு புதியவருக்கு ஒருவர் வீதம் அதில் சேர்க்க வேண்டும். அந்த வழிகாட்டிகளில் ஆறு பேருக்கு இன்னும் மூத்தவர் ஒருவர் பொறுப்பு. அச்சுறுத்தக்கூடிய சீனியரையே துணைக்கு நிறுத்தும் யோசனை. நல்ல யோசனைதான், ஆனால் நடைமுறையில் அது ஏட்டோடு நின்றுவிடும் இடங்களும் உண்டு.

2019-ல் யுஜிசி ‘தீக்ஷாரம்ப்’ என்ற அறிமுகப் பயிற்சியையும் கொண்டுவந்தது. பொறியியல் கல்லூரிகளுக்கு அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) மூன்று வாரப் பயிற்சியே வகுத்திருக்கிறது. பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை என்று அது முடிந்துபோனால் யாருக்கும் லாபமில்லை. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வந்த மாணவிக்கு வேண்டியது வேறு. ஆங்கில விரிவுரையில் எதைக் குறிப்பெடுப்பது, எதை விடுவது? புரியாவிட்டால் வகுப்பிலேயே எழுந்து கேட்கலாமா? பேராசிரியருக்கு மின்னஞ்சல் எப்படி எழுதுவது? சென்ற ஆண்டு இதே தடுமாற்றத்தில் இருந்த அக்கா ஒருத்தி, தன் பழைய நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சொன்னால் போதும்.

அந்த அக்காவுக்கும் எல்லை உண்டு. வழிகாட்டி மனநல ஆலோசகர் அல்ல. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று ஜூனியர் சொன்னால், ரகசியம் காக்கிறேன் என்று தனியாகச் சுமக்காமல் உடனே ஆசிரியரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துப் போக வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416. இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.

“என் ரெக்கார்டு நோட்டை எழுதிக் கொடுடா தம்பி” என்று வழிகாட்டியே கேட்டால்? தன் பாட வேலையை ஜூனியர் தலையில் கட்டுவதும், ட்ரீட் என்ற பெயரில் காசு பிடுங்குவதும் 2009 விதிகளின்படி ராகிங்தான். பாசமாகக் கேட்டாலும் அப்படித்தான்.

புகார் சொல்ல 1800-180-5522 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. பெற்றோரோ அறைத்தோழரோ பேசலாம். தகவல் தந்தவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது. குற்றவியல் சட்டப்படி குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைவர் போலீசில் முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்ய வேண்டும்.

சேரும்போதே யாரை அணுகுவது என்று பெயர்களும் தொலைபேசி எண்களும் அச்சிட்ட தாளைக் கல்லூரி தர வேண்டும் என்பதும் விதிதான். சேரும்போது ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியை மாணவரும் பெற்றோரும் கொடுக்கிறார்கள் அல்லவா? அப்போதே அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, “எங்க பிள்ளைக்கு வழிகாட்டி சீனியர் யாருங்க?” என்றும் கேட்டுவிடலாம்.