யானைக்கேற்ற தோட்டா எது?

குறிஞ்சிப்பிட்டியிலிருந்து களப்பைக் கடந்து வடக்கே சென்றால் வில்பத்துக் காடு. 1938ஆம் ஆண்டு தேசிய வனமாக்கப்பட்ட அக்காட்டில் இன்று வேட்டைக்கு இடமில்லை. கடந்த நூற்றாண்டுகளின் நிலை வேறு. பயிரழிவைத் தடுக்க யானையைக் கொன்றோர்க்கு அரசாங்கமே சன்மானம் வழங்கிற்று. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கோரப்பட்டதென எமர்சன் டெனன்ட் எழுதியுள்ளார்.

அக்காலத்தில் நுவரெலியாவிற் குடியேறியிருந்த சாமுவேல் பேக்கரின் பெரிய றைபிள் 21 இறாத்தல் நிறையுடையது. நான்கு அவுன்சுக் குண்டுக்கு ஒரு அவுன்சு மருந்து! தோளின் கதியை நாம் ஊகித்துக்கொள்ளலாம். இத்துணைப் பாரம் எதற்கு? கருமருந்தினால் குண்டின் வேகத்தை மிகுதியாக்க முடியாது. ஆகவே நிறையைக் கூட்டினர். யானையின் மூளையோ சிறியது. தலையின் பின்புறத்தே, தேனடைபோற் கண்ணறைகள் நிறைந்த எலும்புக்குள் ஒளிந்திருப்பது. வெறும் ஈயக்குண்டு அவ்வெலும்பிற் பட்டுத் தட்டையாகிவிடும். அதனால் வெள்ளீயங் கலந்து ஈயத்தைக் கடினமாக்கினர்.

1889இல் உரிமைப்பதிவு பெற்ற கோடைற்று மருந்து இக்கணக்கை மாற்றிற்று. வேகம் மிகவே குண்டு சிறுத்தது. ஈயத்தை முற்றாக மூடும் உலோக உறையும் வந்தது. ஆபிரிக்காவில் டபிள்யூ. டி. எம். பெல் என்பார் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றுட் பெரும்பாலானவை 7 மில்லிமீற்றர்த் தோட்டாவினால், ஏறக்குறைய 11 கிராம் குண்டினால் வீழ்ந்தவை. யானை மண்டையோட்டை வாளால் அறுத்து மூளையின் இருப்பிடத்தைக் கற்றவர் அவர். அறிவு நிறையை வென்றது எனலாம்.

ஆயினும் எல்லோரும் பெல் அல்லர். அடர்ந்த பற்றையினின்று பத்தடித் தூரத்திற் பாய்ந்துவரும் யானையை எதிர்ப்பவருக்கு மூளையைக் குறிபார்க்க அவகாசமேது? 32 கிராம் நிறையுள்ள .470 குண்டு மூளைக்கு அருகே பட்டாலும் விலங்கை மயங்கச் செய்யக்கூடும். சிறு குண்டு அவ்வாறு செய்யாது. இரண்டுக்கும் இடைப்பட்டது, 1912இல் வந்த .375. ஆபிரிக்க நாடுகள் சில, பெருவிலங்கு வேட்டைக்கு இதனையே சட்டப்படியான குறைந்த அளவாகக் கொண்டன. நமக்கும் அதுவே நியாயமான அளவாகத் தோன்றுகிறது. உறை உறுதியாய் இருத்தல் வேண்டும் என்பது மாத்திரம் நிபந்தனை.

இக்கணக்கு நம் மாவட்டத்திற்கு வெறும் பழங்கதையன்று. பயிர்காக்க விழித்திருக்கும் கமக்காரன் சிலவேளை சிறு ரவைத் துவக்கால் யானையைச் சுடுகிறான். ரவைகள் தோலையும் தசையையும் துளைத்து நின்றுவிடுகின்றன, மூளையை எட்டா. புண் சீழ்பிடிக்க, மாதக்கணக்கில் நோவோடு அலையும் அவ்விலங்கு மனிதவாடை கண்டாலே சினங்கொள்ளும். மறுநாள் விடியலில் அவ்வழியே பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைக்குத் துவக்குச் சுட்டவன் யாரென்பது தெரியாது.